வண்டிச் சந்தேகங்கள்: வால்வைக் கழற்றிப் போட்டுவிடலாமா?

கத்திரி வெயில் ஆரம்பித்தால் நமக்கு வரும் கேள்விகள் எங்கெங்கோ தொடங்கி ஒரே இடத்தில் வந்து நிற்கும்: இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டர் முள் ஏறுகிறது. இந்த இதழில் தெர்மோஸ்டாட் வால்வு, அதை மாற்றுவது, மாற்றிய பிறகு கூலன்ட்டில் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், பேச்சில் 'தண்ணீர்') சிக்கிய காற்றை வெளியேற்றுவது, அதாவது ஏர் எடுப்பது ஆகியவை பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

காரில் ஓவர் ஹீட். மெக்கானிக் பார்த்துவிட்டு, "இது சென்னை சார், ஊட்டி இல்ல. நமக்கு எதுக்கு வால்வு? கழட்டி விட்டுடறேன், தண்ணி ஃப்ரீயா ஓடும்" என்கிறார். சரி சொல்லலாமா?
— வாசகர், வில்லிவாக்கம்

சொல்லாதீர்கள். மே மாத மதியம் 40 டிகிரி அடித்தால் நமக்குத்தான் அது வெயில். இன்ஜினுக்கு அது குளிர். அது ஓட வேண்டிய சூடு 90 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அந்தச் சூட்டுக்குச் சீக்கிரம் கொண்டுபோய், அங்கேயே பிடித்து வைப்பதுதான் வால்வின் வேலை. ஊட்டியோ உத்தண்டியோ, வேலை ஒன்றுதான்.

வால்வுக்குள் சின்னப் பித்தளைக் குப்பி ஒன்று இருக்கும். அதற்குள் மெழுகு. வால்வின் மேல் 82 என்றோ 88 என்றோ பொறித்திருப்பார்கள். அந்தச் சூட்டில் மெழுகு உருகி விரிந்து, ஸ்பிரிங்கை அமுக்கித் தட்டைத் திறக்கும். முழுதாகத் திறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி வேண்டும். அதுவரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல், பைபாஸ் என்ற குறுக்கு வழியில் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும்.

கழற்றினால் கெடுவது அந்தக் குறுக்கு வழியில்தான். பல இன்ஜின்களில் வால்வின் அடியில் இரண்டாவதாக ஒரு தட்டு இருக்கும். மேல் தட்டு திறக்கும்போது அடித்தட்டு இறங்கி பைபாஸை அடைத்துவிடும். வால்வையே எடுத்துவிட்டால் பைபாஸை அடைக்க ஆளில்லை. சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பி இன்ஜினுக்குள் வரும். சூடு குறைய வேண்டும் என்று கழற்றிய வண்டி கத்திப்பாரா நெரிசலில் முன்பைவிட அதிகமாகச் சூடாவது இதனால்தான். "தண்ணி வேகமா ஓடுறதால சூட்டை விட டைம் இல்ல" என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். அது சரியில்லை. ஓட்டம் கூடினால் ரேடியேட்டர் வெளியே தள்ளும் சூடு குறையாது.

பைபாஸ் வேறு விதமாக அமைந்த இன்ஜின்களில் நிலைமை நேர் எதிர். காலையில் வண்டி எடுத்தால் வெகுநேரம் சூடே ஏறாது. இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக விடும். மைலேஜ் போகும், ஆயிலில் பெட்ரோலும் ஈரமும் சேர்ந்து சகதி கட்டும், புதிய கார்களில் பி0128 என்ற கோடோடு செக் இன்ஜின் விளக்கும் எரியும்.

பழுதான வால்வை எடுத்தால் அந்த இடத்தில் புதிய வால்வைப் போடச் சொல்லுங்கள்.

வால்வு போய்விட்டது என்று கழற்றாமலே கண்டுபிடிக்க முடியுமா? என் காரில் முள்ளே இல்லை, விளக்கு மட்டும்தான்.
— வாசகி, குரோம்பேட்டை

முடியும். வால்வு இரண்டு விதமாகக் கெடும்.

மூடியபடி மாட்டிக்கொண்டால் சூடு சரசரவென்று ஏறும். அந்த நேரத்தில் ரேடியேட்டரின் இரண்டு ஹோஸையும் பாருங்கள். இன்ஜின் பக்கம் கை வைக்க முடியாத சூடு, ரேடியேட்டரும் அதிலிருந்து வரும் கீழ் ஹோஸும் ஜில்லென்று இருந்தால் தண்ணீர் ரேடியேட்டரைத் தாண்டவில்லை. வால்வு மூடிக் கிடக்கலாம், பம்ப் தள்ளாமல் இருக்கலாம், நடுவில் காற்று அடைத்திருக்கலாம். கையை ஃபேனுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். சாவி ஆனில் இருந்தால் இன்ஜின் ஓடாதபோதும் ஃபேன் சுற்றத் தொடங்கும்.

திறந்தபடி மாட்டிக்கொள்வது ஓசையில்லாத நோய். அதிகாலையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் சீராக 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சூடு 70 டிகிரியிலேயே நிற்கும், சிக்னலில் நின்றால் ஏறும். உங்கள் காரில் இன்ஜின் இன்னும் குளிராக இருப்பதைக் காட்டும் நீல விளக்கு இருந்தால் அது அணைய வழக்கத்தைவிட வெகுநேரம் எடுக்கும். முள் உள்ள கார்களிலும் அதை முழுதாக நம்ப முடியாது. நடுவில் ஒரு பெரிய அகலத்துக்கு அசையாமல் நிற்கும்படிதான் இப்போது முள்ளை அமைக்கிறார்கள். காரின் கம்ப்யூட்டரோடு பேசும் ஓ.பி.டி. சாக்கெட்டில் சொருகும் சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று இருந்தால் போனிலேயே உண்மையான டிகிரி தெரியும். சென்சார் காட்டும் எண் காலையில், வண்டி எடுப்பதற்கு முன், அன்றைய காற்றின் சூட்டை ஒட்டி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் வால்வைக் குறை சொல்லாமல் சென்சாரை மாற்ற வேண்டும்.

கழற்றிய வால்வையும், கடையிலிருந்து வாங்கிய புதிய வால்வையும் அடுப்பில் சோதிக்கலாம். 110 டிகிரி வரை காட்டும் கண்ணாடி தெர்மாமீட்டர், இனி சமையலுக்கு எடுக்காத பழைய அலுமினியக் கிண்ணம், ஒரு முழம் நூல் போதும். மூடியிருக்கும் தட்டை விரலால் அமுக்கித் திறந்து, இடுக்கில் நூலை நுழைத்து விட்டுவிடுங்கள். தட்டு நூலைக் கவ்விக்கொள்ளும். நூலின் மறுமுனையை ஒரு கரண்டிக் காம்பில் கட்டி, வால்வு கிண்ணத்தின் அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் தொங்க விடுங்கள். தெர்மாமீட்டரும் அடியைத் தொடக் கூடாது. சின்னத் தீயில் சூடேற்றி, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருங்கள். வால்வு திறக்கும் நொடியில் நூல் நழுவி வால்வு 'டொக்' என்று அடியில் விழும். அப்போது தெர்மாமீட்டர் காட்டுவதும் பொறித்த எண்ணும் இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது எடுத்துப் பார்த்தால் தட்டு ஏறக்குறைய 8 மி.மீ. விலகியிருக்கும். ஆறியதும் இறுக மூட வேண்டும். திறக்கிறது ஆனால் சரியாக மூடவில்லை என்றால் அதுவும் கழிவுதான்.

வால்வை நானே மாற்ற நினைக்கிறேன். ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் உண்டு. ஜி.பி. ரோட்டில் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும், எப்படிப் பிரிக்க வேண்டும்?
— வாசகர், பெரம்பூர்

கடையில் வண்டியின் மாடல், வருடம், பெட்ரோலா டீசலா என்று சொல்லி வால்வையும், கசிவைத் தடுக்க அதோடு போடும் ஓ-ரிங் அல்லது கேஸ்கெட்டையும் கேளுங்கள். வால்வு உட்காரும் உறையைக் கடைக்காரர்கள் 'வாட்டர் பாடி' என்பார்கள். உங்களுடையது பிளாஸ்டிக் என்றால் அதன் விலையையும் விசாரித்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் சூட்டில் வெந்த பிளாஸ்டிக், போல்ட்டைத் திரும்ப இறுக்கும்போது விரிசல் விடும். சில வண்டிகளில் வால்வு வாட்டர் பாடியோடு ஒன்றாகவே வரும், தனியாகக் கிடைக்காது. பழைய வால்வில் உள்ள டிகிரி எண்ணும் புதியதில் உள்ளதும் ஒன்றாக இருக்கட்டும். 'நம்ம ஊருக்கு 76 போதும்' என்று குறைத்து வாங்கினால் ரேடியேட்டரின் திறன் கூடிவிடாது. கொஞ்சம் முன்னால் திறக்கும், அவ்வளவுதான். புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய கதவு, கண்ணாடி வாங்கலாம், பழைய வால்வு வாங்காதீர்கள்.

இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ராத்திரி நிறுத்திய வண்டியை விடியலில் பிரிப்பது உத்தமம். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, அடியில் உள்ள பிளாஸ்டிக் திருகை மெல்லத் திருகி வடியுங்கள். அது உடையும் போலிருந்தால் விட்டுவிட்டு, கீழ் ஹோஸைக் கழற்றி வடித்துக்கொள்ளலாம். பழைய 5 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் கேனில் அரை லிட்டருக்கு ஒரு கோடு போட்டு, வடிந்ததை அதில் பிடித்து எத்தனை லிட்டர் வந்தது என்று எழுதி வையுங்கள். இந்த எண் கடைசியில் உங்களைக் காப்பாற்றும். கூலன்ட் புதியதாக இருந்தால் இரண்டு லிட்டர் வடித்தாலே பெரும்பாலும் மட்டம் வாட்டர் பாடிக்குக் கீழே இறங்கிவிடும்.

ஹோஸ் கிளிப்பைத் தளர்த்தி, ஹோஸை முதலில் திருகுங்கள். ஒட்டியிருந்தது விட்டதும் இழுங்கள். ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு நெம்பினால் அலுமினிய வாயில் கீறல் விழுந்து, அந்தக் கீறல் வழியாகவே ஒழுகும். வாட்டர் பாடியில் பெரும்பாலும் 10 மி.மீ. ஸ்பேனர் பிடிக்கும் போல்ட்டுகள் இரண்டோ மூன்றோ இருக்கும். திரும்ப மறுத்தால் துருவை இளக்கும் எண்ணெய் அடித்து அரை மணி நேரம் விட்டு, முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள். முறித்துவிட்டால் லேத்துக்குப் போக வேண்டிவரும்.

திறந்ததும், எதையும் தொடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வால்வு எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்பது அதில் தெரியும். குப்பியும் ஸ்பிரிங்கும் உள்ள பக்கம் இன்ஜினுக்குள் போகும். திருப்பிப் போட்டால் மெழுகுக்குச் சூடு சேராது, வால்வு திறக்காது. வால்வின் விளிம்பில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு குட்டி ஊசி இருக்கும். அது மேலே, கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்தில் வர வேண்டும். தண்ணீர் ஊற்றும்போது காற்று அந்தத் துளை வழியாகத்தான் வெளியேறும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் தண்ணீரின் தள்ளலில் ஊசி எழும்பித் துளையை அடைத்துக்கொள்ளும். ஊசியைக் கீழே வைத்து மாட்டினால், வாட்டர் பாடிக்கு அடியில் காற்று சிக்கி, அடுத்த கேள்வியைக் கேட்டிருக்கும் அம்பத்தூர் வாசகரின் நிலைமைக்கு வந்துவிடுவீர்கள்.

உள்ளே துணி அடைத்துவிட்டு, பழைய கேஸ்கெட் துணுக்குகளைக் காலாவதியான ஏ.டி.எம். கார்டால் சுரண்டுங்கள். உப்புத் தாள், கத்தி வேண்டாம். அலுமினியம் குழி குழியாக அரித்திருந்தால் அந்தப் பாகத்தை மாற்றுங்கள். ரப்பர் ஓ-ரிங் உள்ள இடத்தில் அனபாண்ட் (கசிவை அடைக்கும் பேஸ்ட்) தேவையே இல்லை. நம் ஊரில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று சுற்றிலும் வழித்துவிடுகிறார்கள். உள்பக்கம் பிதுங்கியது காய்ந்து உதிர்ந்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் போய்ச் சிக்கும். கம்பெனி பேஸ்ட் போடச் சொன்ன இடத்தில் மட்டும் மெல்லிய ஒரு கோடு. ஓ-ரிங்குக்கு கிரீஸும் பூசாதீர்கள், அந்த ரப்பர் பெட்ரோலிய கிரீஸில் உப்பிப்போகும். கூலன்ட்டையே விரலில் தொட்டுத் தடவினால் போதும்.

போல்ட்டுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இந்த அளவுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் குட்டி ராட்செட்டால் மணிக்கட்டுப் பலத்தோடு நிறுத்திவிடுங்கள். தோள் பலம் போட்டால் அலுமினியத்தில் திரெட் போய்விடும்.

வால்வு மாற்றியதிலிருந்து டேஷ்போர்டுக்குள் தண்ணீர் ஓடுவது போல 'களக் களக்' சத்தம். முள் ஏறி இறங்குகிறது. போட்ட வால்வும் போலியா?
— வாசகர், அம்பத்தூர்

வால்வு நல்லதாக இருக்கலாம். உள்ளே காற்று நிற்கிறது. சத்தம் வரும் இடம் ஹீட்டரின் குட்டி ரேடியேட்டர். அது டேஷ்போர்டுக்குப் பின்னால் உயரத்தில் இருப்பதால் காற்று அங்கே போய் உட்காரும். முள் ஆடுவதற்கும் அதே காரணம்தான். சூடு காட்டும் சென்சார் தண்ணீரில் நனையாமல் காற்றுக் குமிழில் மாட்டினால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், ஃபேனும் நேரத்துக்குச் சுற்றாது. சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட் வெந்துகொண்டிருக்கும்போது மீட்டர் 'எல்லாம் நலம்' என்று சொல்லும் நிலை இது. ஏர் எடுக்கும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

முதலில் ஒரு கணக்கு. எத்தனை லிட்டர் வடித்தார்கள், எத்தனை லிட்டர் ஊற்றினார்கள் என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். நாலு லிட்டர் வடிந்து மூன்று லிட்டர்தான் போயிருந்தால், மிச்சம் ஒரு லிட்டர் காற்று. ரேடியேட்டர் வாய் வரை தண்ணீர் தெரிகிறது என்பதால் நிறைந்துவிட்டதாக அர்த்தமில்லை.

மூடி ரேடியேட்டரிலேயே இருக்கும் வண்டிக்கு இப்படிச் செய்யுங்கள். வண்டி ஆறியிருக்கட்டும். மூக்கு மேலே தூக்கியபடி நிறுத்துங்கள். அடுக்குமாடி வீட்டில் கார் பார்க்கிங்குக்கு ஏறும் சரிவு இதற்குத் தோதானது. ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்குக் கல் இரண்டும் அவசியம். ரேடியேட்டர் வாய்தான் எல்லாவற்றையும்விட உயரமான இடமாக இருக்க வேண்டும், காற்று மேல்நோக்கித்தான் வரும். இன்ஜின் மேலோ ஹோஸிலோ பிளீட் ஸ்க்ரூ (காற்றை வெளியே விடும் திருகு) இருந்தால் அதைத் தளர்த்தி, ஒரு நிமிடத்துக்கு அரை லிட்டர் என்ற நிதானத்தில் ஊற்றுங்கள். ஸ்க்ரூவில் முதலில் சீறும், பிறகு நுரைக்கும், கடைசியில் குமிழ் இல்லாத கம்பி போல ஒழுகும். அப்போது மூடுங்கள். அது பிளாஸ்டிக் ஸ்க்ரூ என்றால் விரல் இறுக்கம் போதும்.

மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். ஒவ்வொரு அமுக்கலுக்கும் வாயில் குமிழ் வரும், மட்டம் இறங்கும். மேலும் ஊற்றுங்கள். குமிழ் நின்ற பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். மூடி திறந்தபடியே இருக்கட்டும், வாயில் இறுகப் பொருந்தும் புனல் இருந்தால் சிந்தாது. ஏசி ஆஃப். ஏசி போட்டால் ஃபேன் தானாகச் சுற்றும், சூட்டுக்குச் சுற்றுகிறதா என்று தெரியாமல் போகும். ஹீட்டர் திருகுக் குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்பி, புளோயரைச் சின்ன வேகத்தில் வையுங்கள். சென்னையில் ஹீட்டரா என்று சிரிக்காதீர்கள், சில கார்களில் ஹீட்டருக்குப் போகும் தண்ணீர்க் குழாயே அப்போதுதான் திறக்கும்.

பத்துப் பதினைந்து நிமிடம் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். பிறகு வால்வு திறக்கும். மேல் ஹோஸ் சட்டென்று சூடாகும், மட்டம் 'கபக்' என்று உள்ளே இறங்கும், இல்லையென்றால் ஒரு பெரிய குமிழோடு மேலே பொங்கும். முகத்தை வாய்க்கு நேராக வைக்காதீர்கள். இறங்கிய அளவுக்கு ஊற்றிக்கொண்டே, இடையிடையே 2000 ஆர்.பி.எம். வரை சில நொடி ஏற்றி இறக்குங்கள். ஃபேன் ஒரு முறை சுற்றி நின்று, இரண்டாவது முறையும் சுற்றி நின்று, குமிழும் வராமல் இருந்தால், மட்டத்தை வாய்வரை நிரப்பி மூடியைப் போடுங்கள். ஹீட்டரில் நல்ல சூடான காற்று வருகிறதா? வந்தால் அங்கே தண்ணீருக்குள் காற்று சிக்கியிருக்கவில்லை.

வேலை அன்றே முடிவதில்லை. ரேடியேட்டரோடு மெல்லிய குழாயால் இணைந்த ரிசர்வ் டேங்கில் மேல் கோடு வரை ஊற்றிவிட்டு, மறுநாள் காலை ஆறிய நிலையில் பாருங்கள். ஆறும்போது ரேடியேட்டர் டேங்கிலிருந்து உறிஞ்சியிருக்கும், கோடு இறங்கியிருக்கும். இரண்டு மூன்று நாள் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது சகஜம். ஒரு வாரம் கழித்தும் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது.

மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு வண்டிகளைப் போல, ரேடியேட்டரில் மூடி இல்லாமல் கெட்டியான பிளாஸ்டிக் டேங்கின் மேல் அழுத்த மூடி இருந்தால் வேலை பாதி. உயரமான இடங்களிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் காற்றைத் தானே டேங்குக்குக் கொண்டுவரும். மேல் கோட்டைத் தாண்டி மட்டும் ஊற்றாதீர்கள். சூட்டில் கூலன்ட் விரிவதற்கு அந்தக் காலி இடம் வேண்டும்.

ஆம்னி, ஈக்கோ வைத்திருப்பவர்கள் இன்னும் பொறுமையாக இருக்க வேண்டும். இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில், ரேடியேட்டர் முன்னால். நடுவில் நீளமான குழாய்கள் தாழ்வாகப் படுத்திருப்பதால் காற்று சுலபத்தில் நகராது. முன்பக்கத்தைக் கூடுதலாகத் தூக்கி, இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும். கம்ப்ரஸர் உள்ள ஒர்க் ஷாப்பில் வேக்யூம் ஃபில்லர் இருந்தால் அதைக் கேளுங்கள். உள்ளிருக்கும் காற்றை முதலில் உறிஞ்சிவிட்டு, அந்த இழுப்பிலேயே கூலன்ட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும் கருவி அது.

இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற ஏசி தண்ணீரை ரேடியேட்டருக்கும் ஊற்றலாம்தானே? கேன் வாட்டர் நல்லதா?
— வாசகி, வேளச்சேரி

ஏசி தண்ணீரில் உப்பு குறைவு, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அது தூசியும் பாசியும் படிந்த காயிலின் மேல் வழிந்து வருகிறது, செம்பையும் கொஞ்சம் கூடவே கொண்டுவரும். அலுமினிய இன்ஜினுக்குச் செம்பு ஆகாது. கேன் வாட்டர் குடிப்பதற்குச் சுத்தம், அதிலும் உப்பு முழுதாகப் போயிருக்காது. போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாளியின் அடியில் படியும் அதே வெள்ளைப் படலம் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும், உப்பு அலுமினியத்தில் ஊசித் துளை போடும். பேட்டரிக் கடையில் 5 லிட்டர் கேனாகக் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரை வாங்குங்கள்.

எவ்வளவு கலப்பது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். டப்பாவில் 'ரெடி டு யூஸ்' என்று இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்கக் கூடாது. கான்சென்ட்ரேட் (தண்ணீர் கலக்காத கெட்டி கூலன்ட்) என்றால் அதுவும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. நமக்குப் பனி உறையாதே, கால் பங்கு போதாதா என்றால், துருவைத் தடுக்கும் மருந்தும் அந்தக் கால் பங்கோடு குறைந்துவிடும். முழுக்க கான்சென்ட்ரேட்டே ஊற்றுவதும் தவறு. சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டி.

தண்ணீர் விட்டு ஃபிளஷ் செய்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 4 லிட்டர் பிடிக்கும் இன்ஜினில் வடித்தால் 2.8 லிட்டர்தான் வரும் என்று வையுங்கள். மீதி 1.2 லிட்டர் தண்ணீர் உள்ளே பிளாக்கிலேயே நிற்கும். இதன் மேல் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் கடைசியில் 35 சதவீதம்தான் தேறும். முதலில் 2 லிட்டர் கான்சென்ட்ரேட்டை அப்படியே ஊற்றி, பிறகு 0.8 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். சரியாகப் பாதி வரும். கடைசி ஃபிளஷ்ஷும் டிஸ்டில்டு வாட்டரிலேயே இருக்கட்டும்.

பச்சை கூலன்ட் இருந்த வண்டியில் சிவப்பு ஊற்றிவிட்டேன். ஆபத்தா?
— வாசகர், தாம்பரம்

நிறம் வெறும் சாயம், எந்தக் கம்பெனியும் எந்த நிறத்தையும் போடலாம். கவனிக்க வேண்டியது டப்பாவின் பின்பக்கத்தில் உள்ள ரகம். இரண்டு ரகம் கலந்தால் உடனே வண்டி நின்றுவிடாது, ஆனால் துரு தடுக்கும் மருந்தின் ஆயுள் குறையும், சில கலவைகள் கூழ் போலத் திரளும். முழுதாக வடித்து, ஃபிளஷ் செய்து, வண்டியின் புத்தகத்தில் சொன்ன ரகத்தை ஊற்றுங்கள். வடித்ததை வாசலில் விடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், தெரு நாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். குழந்தைகளுக்கும் அதே விஷம்தான். கேனில் மூடி, ஒர்க் ஷாப்பில் கொடுங்கள்.

கோயம்பேட்டுக்குக் காய்கறி ஏற்றும் குட்டி யானை. ஊருக்குள் ஒன்றும் இல்லை, லோடோடு ஸ்ரீபெரும்புதூர் தாண்டினால் சூடு ஏறுகிறது. வால்வு, கூலன்ட் எல்லாம் புதுசு.
— வாசகர், மதுரவாயல்

நெரிசலில் மட்டும் ஏறினால் ஃபேன், ரிலே, ஃபியூஸைப் பார்க்கச் சொல்வோம். உங்களுடையது நேர்மாறு. ஓட்டத்தில் ஏறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. இன்ஜின் சூடானதும் அணைத்துவிட்டு, ரேடியேட்டர் முகத்தைக் கையால் தடவாமல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். நடுவில் பட்டை பட்டையாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அந்தக் குழாய்கள் அடைத்துவிட்டன. ரேடியேட்டருக்கும் ஏசி கன்டென்சருக்கும் நடுவில், ஏசி இல்லையென்றால் முன் வலையில், படிந்த தூசியையும் பூச்சியையும் பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி மெல்லிய தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷ் வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும். கீழ் ஹோஸையும் பாருங்கள். பழையதாகி மெத்தென்று இருந்தால் வேகத்தில் பம்ப் இழுக்கும் இழுப்பில் சப்பி, வழியை அடைத்துக்கொள்ளும்.

காலையில் பார்த்தால் மேல் ஹோஸ் சப்பிப்போய் இருக்கிறது. ரிசர்வ் டேங்க் நிரம்பி வழிகிறது, ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது.
— வாசகர், திருவொற்றியூர்

மூடியை மாற்றுங்கள். ரேடியேட்டர் மூடிக்குள் இரண்டு வால்வு உண்டு. ஒன்று அழுத்தம் மிஞ்சினால் டேங்குக்கு விடும், இன்னொன்று ஆறும்போது டேங்கிலிருந்து திரும்ப இழுத்துக்கொள்ளும். உங்களுடையதில் இரண்டாவது மாட்டிக்கொண்டது. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று இருக்கும் எண்ணையே பார்த்து வாங்குங்கள். அது அழுத்தத்தின் அளவு. 0.9 மூடி போட்டால் வெறும் தண்ணீரே 118 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். மூடி கசிந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். கூடுதல் எண் போட்டால் பழைய ஹோஸ் வெடிக்கும்.

பைக்கிலும் இதெல்லாம் உண்டா? என்னுடையது ஆர்15.
— வாசகர், நங்கநல்லூர்

உண்டு. தண்ணீரில் குளிரும் பைக்குகளில் குட்டி ரேடியேட்டர், வால்வு, ஃபேன் எல்லாம் இருக்கும். ஏர் எடுக்கும் முறையும் அதேதான், சைட் ஸ்டாண்டில் வைக்காமல் நிமிர்த்தி, இடமும் வலமுமாக மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் குமிழை எடுக்க வேண்டும். மொத்தமே ஏறக்குறைய ஒரு லிட்டர் என்பதால் நூறு மில்லி காற்று கூட உறைக்கும்.

மூன்று முறை ஏர் எடுத்தாயிற்று. குமிழ் நிற்கவே இல்லை. ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் கூடுகிறது.
— வாசகர், மடிப்பாக்கம்

இதற்கு மேல் ஏர் எடுக்காதீர்கள். அது நீங்கள் விட்ட காற்றாக இருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கும். சிலிண்டரில் எரிந்த வாயு ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீருக்குள் வருகிறது போலிருக்கிறது. பிளாக் டெஸ்டர் என்ற கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவத்தை ஊற்றி ரேடியேட்டர் வாயில் வைத்து, மேலே உள்ள காற்றை உறிஞ்சிப் பார்ப்பார்கள். பெட்ரோல் வண்டியில் கேஸ்கெட் போயிருந்தால் நீலம் மஞ்சளாகும், டீசலில் பச்சையாகும். குழாய்க்குள் கூலன்ட் ஏறிவிடாமல் மட்டத்தை இரண்டு அங்குலம் இறக்கிவிட்டுச் செய்ய வேண்டும். ஆயில் மூடியைத் திறந்தால் தயிர் போல வெளுத்த நுரை, சூடான பிறகும் சைலன்சரில் விடாத வெள்ளைப் புகை இரண்டும் அதே கதையைத்தான் சொல்லும். ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூட விடாதீர்கள். ஹெட் வளைந்திருக்கிறதா என்று லேத்தில் நேர்கோல் வைத்துப் பார்த்த பிறகே பூட்டச் சொல்லுங்கள்.

நடு ரோட்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்வது? பக்கத்துக் கடையில் தண்ணீர் வாங்கி ஊற்றலாமா?
— வாசகி, போரூர்

முள் ஏறத் தொடங்கும்போதே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், புளோயரை முழு வேகத்தில் வைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு ஓரங்கட்டுங்கள். வியர்த்து ஊற்றும், ஆனால் ஹீட்டர் ஒரு குட்டி ரேடியேட்டராக வேலை செய்யும். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் நிறுத்தியதும் இன்ஜினை அணைத்துவிடுங்கள். பானட்டைத் திறந்து வையுங்கள், மூடியைத் தொடாதீர்கள். முக்கால் மணி நேரமாவது ஆகட்டும். மேல் ஹோஸை அமுக்கினால் மெத்தென்று அமுங்க வேண்டும். அப்போது தடித்த துணியைப் போட்டு மூடியைக் கால் சுற்று திருகி, சீறல் அடங்கிய பிறகு முழுதாகத் திறங்கள். கடைத் தண்ணீர் பாட்டிலை ஊற்றலாம், அவசரத்துக்குத் தப்பில்லை, ஆனால் இன்ஜின் ஆறிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக. கொதிக்கும் ஹெட்டில் ஜில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். எத்தனை பாட்டில் ஊற்றினீர்கள் என்று எண்ணி வைத்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.